அம்மா எழுதிய ஒரு சொல்

“பக்கத்து வீட்டம்மா என்னமோ உளறுது. ரெண்டு மாசமா உங்கம்மாவுக்குப் பேச்சே இல்லையாம்! ஞாயித்துக்கிழமைகூட என்கிட்ட நல்லாத்தானே பேசினா? ‘வரட்டுமாடி’ன்னு கேட்டதுக்கு, ‘நீ வந்து என்னத்தக் கிழிக்கப் போற, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்’னு என்னையே அதட்டினாளே!”

பெரியம்மாவின் முகம் ஒன்பது மணி நேரப் பயணத்தில் அழுது உப்பியிருந்தது. உள்ளறையில் அம்மாவின் உடல் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தது. லாரி ஓட்டிப் போயிருந்த அப்பா மாலைக்குள் வந்துவிடுவார்.

மகளுக்குப் பதினைந்து வயது. அவள் தையல் மெஷின்மேல் கிடந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

தொண்டைக் கட்டி அம்மாவின் குரலை விழுங்கியபோது, அக்காவுக்குத் தெரிந்தால் அழுதே ஊரைக் கூட்டுவாள் என்று அம்மா பயந்தாள். அப்பாவின் வாயையும் கட்டிப்போட்டாள். பெரியம்மாவின் ஃபோன் வந்தால், தையல் அளவு குறிக்கும் நோட்டில் பென்சிலால் எழுதிக் காட்டுவாள். மகள் அம்மாவின் குரலில் பேசுவாள். அச்சு அசலாக வரும். அம்மா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். அம்மா படுத்த படுக்கையானதும், அதே குரல் பள்ளிக்கூடத்துக்கும் பேசியது: “பிள்ளைக்குக் காய்ச்சல், டீச்சர்.” அந்தக் காய்ச்சல் நாற்பது நாளாக விடவில்லை.

ஞாயிறன்று அம்மா எழுதியது ஒரே சொல். ஆனால் பெரியம்மா வந்தால் பள்ளிக்குப் போகாத நாற்பது நாளும் வெளியே வந்துவிடும். படிப்பு போச்சே என்று இவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் அம்மாவை யார் பார்ப்பது? மகள் நோட்டைப் பார்க்காததுபோல் சுவரைப் பார்த்துப் பேசி முடித்தாள். அதன்பின் அம்மா பென்சிலைத் தொடவில்லை.

“சொல்லித் தொலையேன்டி. என்கிட்டப் பேசினது யாரு?”

அவள் அளவு நோட்டை விரித்து நீட்டினாள். யாருக்கோ எடுத்த தோள் அளவுக்குக் கீழே, கோணல் எழுத்தில், ‘வா’.

“அம்மா எழுதினது இதுதான். நான்தான்... மாத்திச் சொல்லிட்டேன்.”

அறை விழுமென்று எதிர்பார்த்தும் கன்னத்தைத் திருப்பாமல் நின்றாள். விழவில்லை. பெரியம்மா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். அந்த எழுத்தை விரலால் தடவினாள். தெருவில் ஒரு லாரி வேகம் குறைத்து, நிற்காமல் போனது.

அவள் தரையில், பெரியம்மாவின் முழங்காலுக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“பெரியம்மா... தலையெல்லாம் சிக்காக் கெடக்கு. கொஞ்சம் வாரி விடுறீங்களா?”