டொராண்டோ கூப்பிடு தூரம்

பூம்பாறை வேலுத்தாய் தன் பூண்டுக் காட்டு வரப்பில் நின்று மகனைக் கூப்பிட்ட குரல், டொராண்டோ விமான நிலையத்தில் தெளிவாகக் கேட்டது. பெட்டி எடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே சரக்கு ஏற்றும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மகன் கோகுல்ராஜுக்கும் கேட்டது. அவன் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான்.

இதில் வேலுத்தாய் மேல் குற்றம் ஒன்றுமில்லை. மதுரை விமான நிலைய வாசலில், அழுத அம்மாவைத் தேற்ற, "எதுக்கும்மா அழுகுற, கூப்பிடு தூரந்தான்" என்று சொன்னவன் அவன்தான். மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். பூம்பாறையில் அது அளவு. மேல்காட்டிலிருந்து கூப்பிட்டால் கீழ்காட்டில் கேட்கவேண்டும். கேட்டவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரவேண்டும். வேலுத்தாய் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் அவன் சோலியைக் கெடுப்பானேன் என்று சில வருஷங்கள் கூப்பிடாமலே இருந்தாள்.

போன ஐப்பசி மழையில் அவள் புருஷன் ராமர் வரப்பு வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதற்கு, ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, வண்டி ஏறாது என்று பதில் வந்தது. கட்டிலில் கிடந்த மனிதர் கஞ்சியும் இறங்காமல், மகனைப் பார்க்கவேண்டும் என்ற ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். மகனோ போனில் வேறு கதை சொன்னான்: "பதிமூவாயிரம் கிலோமீட்டர்ம்மா. ஃப்ளைட் மாறி மாறி வரணும், ஒரு நாள் முழுக்க ஆகும். லீவு தரமாட்டாங்க." அவள் போனை வைத்துவிட்டு வரப்பில் ஏறினாள்.

"ஏலே கோகுலு! அப்பாவுக்கு முடியல, வெரசா வா!"

அவள் கூப்பிடக் கூப்பிட டொராண்டோவில் அறிவிப்புகள் யாருக்கும் கேட்காமல் விமானங்கள் தாமதமாயின. உடனே ஒரு ஜீப் நிறைய அதிகாரிகள் பூம்பாறையில் வந்து இறங்கினார்கள். எந்த அலுவலகம் என்று கேட்டால் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ஏறாத அதே ரோடு. இடுப்பொடிந்தவருக்கு வழிவிடாத மரம், பெற்றவள் வாயை அடைக்க வந்தவர்களுக்கு மட்டும் எப்படி வழிவிட்டது? இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று உண்டா? ஊரில் யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே கேட்டு வைக்கப்படுகிறது.

"விமானத்துக்கே ஒரு நாள் ஆகுதும்மா. அதுக்கு முன்னாடி உங்க சத்தம் போறதுக்கு ரூல்ஸ் கிடையாது" என்றார் அவர்களில் பெரியவர்.

"எம்மகன் கூப்பிடு தூரம்னு சொல்லிட்டுப் போனானுங்க. பொய்யின்னா அவனே வந்து சொல்லட்டுங்க" என்ற வேலுத்தாய், அவர்கள் எதிரிலேயே இன்னொரு முறை கூப்பிட்டாள்.

டொராண்டோவில் கோகுல்ராஜின் இயர்போன் தெறித்து விழுந்தது. கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு, வாசலைத் தாண்டி, பனியில் இறங்கி நடந்தான். குரல் அடங்குவதற்குள் கீழ்காட்டிலிருந்து வரப்பேறி வந்தான். ஷூவில் பனி ஒட்டியிருந்தது. அதிகாரிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்தவனின் சில்லிட்ட கையை ராமர் தடவிப் பார்த்தார். "இம்புட்டூண்டு தூரத்துக்கு ஏன்டா இத்தன வருசம்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம், அந்தக் கையைப் பிடித்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார்.

துட்டி கேட்க, பக்கத்திலேயே இருக்கும் கொடைக்கானலிலிருந்து கிளம்பிய சொந்தக்காரர்கள், எல்லாம் முடிந்து மறுநாள்தான் வந்தார்கள். பஸ் வரவில்லையாம். யாரும் அவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. கொடைக்கானல் கூப்பிடு தூரத்தில் இல்லையே.