ஸஹருக்கு இரண்டு குளிசை

எனக்கு வாய் நீளம் என்று கிண்ணியாவில் என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். மீன்காரனோடு, பஸ் கொண்டக்டரோடு, பாடசாலை அதிபரோடு, யாரோடும் நான் கதைத்துத் தோற்றதில்லை. பெற்ற மகளுக்காகத் திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அந்த வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மகள் மின்ஹா ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு கால் சப்பாத்தோடு வீட்டுக்கு வந்து நிற்பாள். மற்றது எங்கே என்று கேட்டால், "போகேக்க ரெண்டும் இருந்துச்சு உம்மா" என்பாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே பூனைக்குப் பின்னால் போய்விடுவாள். அடித்துப் பார்த்தேன். "மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா?" என்று ஏசியும் பார்த்தேன். கடைசியில் அவளுடைய வகுப்பு டீச்சர்தான் என்னைக் கூப்பிட்டு, "இது குழப்படி இல்ல. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்க" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். ஆனால் அங்கே மர வாங்கில் போய் உட்கார்ந்தால் ஊரில் பாதிப் பேர் பார்ப்பார்கள், "நிப்லாட மகளுக்கு மூளை சரியில்லையாம்" என்று பின்னேரத்துக்குள் கதை போய்விடும். அதனால் பாலம் தாண்டி டவுனில், உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் தனியார் கிளினிக் ஒன்றில் சனல் பண்ணி நம்பர் எடுத்தேன். கண்டியிலிருந்து சிறுவர் மனநல மருத்துவர் கீர்த்தனி அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். என் கணவர் சஜீத்துக்கு துறைமுகத்தில், கப்பல்களை இழுக்கும் படகில் வேலை. "நானும் சின்னனில இப்பிடித்தானே திரிஞ்சனான்" என்றார். "அது இப்பவும் தெரியுதே" என்றேன். சிரித்துக்கொண்டு கூட வந்தார்.

டொக்டர் அவசரப்படவில்லை. மின்ஹாவோடு தனியாகக் கதைத்தார், விளையாட விட்டுப் பார்த்தார். அவள் தவழ்ந்த காலம் முதல் என்னிடம் கேட்டார், டீச்சரிடமும் போனில் பேசினார். இரண்டாம் முறை போனபோதுதான் சொன்னார். "இது ஏ.டி.எச்.டி. கவனத்தை ஒரு இடத்தில நிப்பாட்டி வைக்க இவவின்ர மூளைக்குக் கஷ்டம். சோம்பலும் இல்ல, பிடிவாதமும் இல்ல." நான் அடித்த அடியெல்லாம் என் கையிலேயே எரிந்தது.

மருந்து எழுதினார், முதலில் அரைக் குளிசை. பிறகு ஒன்று. நிறையையும் நெஞ்சுத் துடிப்பையும் பார்த்துப் பார்த்து, காலையில் ஒன்று பகலில் ஒன்று என்று ஆக்கினார். "ஒரு நாளும் நீங்களாக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது என்ர வேலை" என்றார். நான் தலையாட்டினேன். அந்தக் கிழமையே மின்ஹா என்னிடம் வந்து, "உம்மா, மண்டைக்குள்ள ஒரு மீன் சந்தை இருந்துச்சு. இப்ப அதப் பூட்டிட்டாங்க" என்றாள். நான் குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கிற சாட்டில் அழுதேன்.

இவ்வளவு நன்மையைச் செய்த மருந்தை நான் ஒளித்துத்தான் வைத்தேன். யாரும் கேட்டால் விற்றமின் என்று சொல்லும்படி பிள்ளைக்குப் பழக்கினேன். சஜீத்தின் அக்கா, என் மதினி நஜ்முன் நிஸாவுக்குக்கூடச் சொல்லவில்லை. முக்கியமாக அவருக்குத்தான் சொல்லவில்லை.

நோன்பு வந்தது. மின்ஹா நோன்பு பிடிக்க வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டும், மருந்து ஏற்கனவே பசியைக் குறைக்கும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மார்க்கத்திலும் அந்த வயதில் அவளுக்கு அது கடமையில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் குறிஞ்சாக்கேணியில் மதினி வீட்டில் நோன்பு திறக்கப் போனோம்.

"என்ட மகன் பஸ்லானப் பாருங்க, எட்டு வயசு, ஒரு நோன்பும் விடல்ல" என்றார் மதினி. பிறகு மின்ஹாவின் கோப்பையில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "எங்கட மருமகள் கஞ்சி குடிக்க மட்டும்தான் வாறவ போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மின்ஹாவும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

"நாளைக்குப் புடிப்பா" என்றேன். வாய்தானே, நீளமான வாய்!

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபோதுதான் பகல் குளிசை நினைவுக்கு வந்தது. நோன்போடு அதை விழுங்க ஏலாது. கொடுக்காமலும் விட ஏலாது, நோன்பு விடுமுறையிலும் புலமைப்பரிசில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அன்றைக்குப் பரீட்சையும் இருந்தது. நான் கணக்குப் போட்டேன். மோட்டார் சைக்கிளுக்கு டாங்க் நிறைய எண்ணெய் அடித்தால் தூரம் ஓடும்தானே? இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் பின்னேரம் வரை நிற்கும். என் அறிவைப் பாருங்கள்! மின்ஹா கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாள். இரண்டு குளிசையையும் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் படுக்கவில்லை. கலர்ப் பென்சில்களை எல்லாம் தரையில் பரப்பி, ஒன்றுவிடாமல் சீவி அடுக்கினாள். கை குளிர்ந்திருந்தது. 'எவ்வளவு அமைதி' என்று நான் சந்தோஷப்பட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், சந்தோஷப்பட்டேன்.

நல்ல வெயில் ஏறிய நேரத்தில் வகுப்பிலிருந்து போன் வந்தது. பிள்ளை கதிரையிலிருந்து விழுந்துவிட்டாள், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார்கள். நான் செருப்புப் போடாமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சஜீத் வேலை உடுப்போடு வந்து நின்றார், மதினியும் வந்துவிட்டார். மின்ஹா என்ன மருந்து எடுக்கிறாள் என்று கேட்ட டொக்டரிடம் நான் பெயரைச் சொன்னேன். "இண்டைக்கு எத்தனை போட்டவ?" என்று கேட்டார். நான் மதினியின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி தாமதித்தேன்.

"நான்தான் மறந்துபோய்க் கூடப் போட்டிருப்பன் டொக்டர்" என்றாள் மின்ஹா. "எனக்கு ஞாபகமில்ல. நான் எல்லாத்தையும் மறக்கிற ஆள்."

அவள் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், எது உடைந்தாலும் அவள்தான். இதுவும் அவளாகத்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்துவிட்டது. சஜீத் அவள் தலையைத் தடவி, "பரவாயில்ல மகள்" என்றார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"குளிசை குடுக்கிறீங்களா? எங்களுக்கு ஒரு கதையும் சொல்லல்ல" என்றார் மதினி. "அதுவும் இந்தப் புள்ளட கைக்கு எட்டுற மாதிரியா வைக்கிற, நிப்லா?"

"இனி வைக்கமாட்டன் மதினி" என்றேன் நான். அதைத்தான் சொன்னேன்.

மருந்தை டொக்டர் கீர்த்தனியைக் காணும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் மின்ஹா குளிசைப் பெட்டியைத் தானே எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"இத அலுமாரில வச்சிப் பூட்டுங்க உம்மா. நான் எடுத்திருவன்."

பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டேன். அலுமாரிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அடுத்த நாட்களில் நோன்பு திறக்கும்போதும் கோப்பையைத் தள்ளி வைத்தேன். சஜீத் என்ன என்று கேட்டால் நோன்புக் களைப்பு என்றேன். மின்ஹாவுக்குப் பழையபடி எல்லாம் சிதறத் தொடங்கியது. "சந்தையத் திறந்துட்டாங்க உம்மா" என்று மட்டும் சொன்னாள். முறைப்பாடு சொல்லவில்லை. தன் பிழைக்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். டொக்டர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், அழுத்தம் பார்த்தார், நிறை பார்த்தார். பிறகு பேனையை மேசையில் வைத்தார்.

"மின்ஹா, கோவிக்கக் கூடாது. நீங்களாவே கூடப் போடுற பயம் இருக்கெண்டால் இந்த மருந்தை நான் தர ஏலாது. இப்போதைக்கு நிப்பாட்டுவம். கொஞ்சம் வளர்ந்த பிறகு பாப்பம்."

"ஓம்" என்றாள் மின்ஹா. சட்டை நுனியைத் திருகினாள். "அப்ப சந்தை அப்பிடியே இருக்குமா டொக்டர்?"

என்னால் அதற்குமேல் இருக்க முடியவில்லை.

"அவ போடல்ல" என்றேன். "நான் குடுத்தனான். ரெண்டையும், ஸஹருக்கு. நோன்பு புடிக்க வச்சதும் நான்தான். மதினி சிரிச்சா எண்டு... என்ட மானத்துக்காக. புள்ள நித்திரையில இருந்தா, அவக்கு ஒண்டும் தெரியாது."

சஜீத் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. டொக்டர் ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று கேட்டு எழுதினார். பிறகு, "அப்ப மருந்தில பிழை இல்ல, பிள்ளையிலயும் பிழை இல்ல. அரையில இருந்து திரும்பத் தொடங்குவம்" என்றார். கடைசியில், மெதுவாக, "இதை நீங்கள் ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்க வேணும்" என்றார்.

"நான் இல்லையா?" என்று கேட்டாள் மின்ஹா.

"இல்ல மகள். நீ இல்ல."

"உண்மையா நான் இல்லையா?"

இல்லை என்று மூன்று பேரும் சொன்னோம். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு ஏலாது. பிள்ளை பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள்.

ஓட்டோ பிடித்துத் திரும்பினோம். மதினிக்கு என்ன சொல்வது என்று எனக்கு யோசனை ஓடியது, அப்போதும் அதுதான் ஓடியது, வெட்கங்கெட்ட மனம். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மின்ஹா என் கைப்பையைத் தொட்டாள்.

"உம்மா, அலுமாரித் திறப்பு இதுக்குள்ளயா இருக்கு?"

"ஓம் மகள்."

"வாப்பாட்டக் குடுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. அன்றைக்குப் பெட்டியை நீட்டியபோது இருந்த அதே குரல். "நீங்க எடுத்திருவீங்க."

நான் திறப்பை எடுத்து நீட்டினேன். சஜீத் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.