வழுக்கும்வரை எங்கள் ஊர்

வெள்ளைமுனையின் நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் பட்டா, அலைதடுப்புக் கற்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் பெயரில்தான் இருக்கிறது. நில அளவைக்காரர் வந்த அன்று சீலா மீன் நிறையப் பட்டிருந்தது. ஆண்கள் கடலிலும் பெண்கள் ஏலக்கூடத்திலும் இருந்தார்கள். அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் கரைக்குப் போய்க் கல்லைத் தொட்டிருக்கிறார். அங்கே ஆள் இருந்தது. இருந்தவர்களை எழுதிக்கொண்டு போனார். நேர்மையான மனிதர், இல்லாதவர்களை எழுத மாட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் குடும்பத் தலைவர்கள், நாங்கள் அவர்களைச் சார்ந்தோர். ரேஷன் கார்டிலும் அப்படித்தான். கல்லுக்காரர்கள் என்று கூப்பிடுவோம். அவர்களால் ஒரு தொல்லையும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் அவர்கள் பெயரை முதலில் போட வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் தெக்லா. தினமும் காலையில் வெறுங்காலோடு அந்தக் கற்களில் நடப்பது என் வேலை. வழுக்கினால் தலைவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று பொருள். பதினொரு வருஷமாக வழுக்குகிறேன். இரண்டு தடவை கை முறிந்திருக்கிறது. இரண்டு தடவையும் ஊர் நிம்மதியாக வேலைக்குப் போனது.

கரைச் சீரமைப்பு அலுவலகத்துக்கு எங்கள் இடம் வேண்டுமாம், கன்டெய்னர் அடுக்குவதற்கு. அதிகாரி சொக்கநாதன் ஒரு திங்கட்கிழமை லாரியில் எட்டுப் பீப்பாய் சாளை மீன் எண்ணெயோடு வந்தார். பட்டாதாரரை வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பட்டாதாரர் தாமாகவே கிளம்பிப் போய், தொடர்ந்து மூன்று காலை வீட்டில் இல்லாவிட்டால் அது காலியிடம்.

கல்லுக்காரர்களின் குணம் எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெளியே கொழுப்பு கிடைக்கிறபோது அவர்கள் தங்களுக்கென்று தனியாகச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். கிடைத்ததை எடுத்துத் தோலிலேயே தைத்துக்கொள்வார்கள். எந்த எண்ணெயோ அந்தத் தோல். சாளை எண்ணெய் எங்கள் ஊர்க் குளிருக்கெல்லாம் உறையாது. அதைத் தைத்துக்கொண்டால் தோல் இளகும், தோல் இளகினால் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது, நீந்திப் போய்விடுவார்கள்.

"நான் யாரையும் விரட்டலைம்மா" என்றார் சொக்கநாதன். "பசிக்குச் சாப்பாடு போடுறேன். அதுல என்ன தப்பு?"

"சாப்பாடு போட்டு வீட்டாளக் கூட்டிட்டுப் போறவனுக்கு எங்க ஊருல வேற பேரு சார்" என்றேன்.

அவர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு பீப்பாய்களைத் திறக்கச் சொன்னார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கற்களின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. திரும்பி வந்தேன், அப்போதும் வழுக்கவில்லை. பீப்பாய்களிலிருந்து பாதியைக் கல்லில் ஊற்றியிருந்தார்கள், அதைச் சுத்தமாகத் தின்றுவிட்டுத் தலைவர்கள் கிளம்பிவிட்டார்கள். கரையில் நின்றிருந்தவர்கள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வலைக்கார மிக்கேல் அண்ணன் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஒரு தடவ சும்மா விழுந்து காட்டேன் தெக்லா."

"பொய்யா விழ மாட்டேன் அண்ணே. இந்தக் கால் பொய் சொல்லாது."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியாமல், கற்களுக்கு இடையில் இருந்த பொந்துகளில் ஒவ்வொன்றாகக் கையை விட்டுத் துழாவினேன். ஏழாவது பொந்தின் அடியில் ஒரு கல் வழுக்கியது. தேங்காய் அளவுதான் இருக்கும், கால் வைக்க முடியாது என்பதால் கணக்கில் வராது. எண்ணெய் எட்டாத இடத்தில் ஒரு குடும்பம் தங்கியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் போன பிறகும் அவர்கள் போகவில்லை. அவர்களை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவர்கள் பெருகுவதற்கு ஒரு பகல் போதும். ஆனால் பெருகுகிறவர்களும் சாளை எண்ணெயைத் தின்றுவிட்டால் பிரயோசனம் இல்லை. உட்கார வைக்கிற எண்ணெய் வேண்டும். உட்காருகிற எண்ணெய் எது என்று எங்கள் ஊரில் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். ரேஷன் பாமாயில்தான். மார்கழி மாதம் பாக்கெட்டுக்குள்ளேயே அடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளும், அடுப்பில் காட்டினால்தான் எழுந்திருக்கும்.

அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் வந்திருந்தது. கடையில் இருப்பது சலேத்து அக்கா. எங்கள் ஊர்க்காரி என்றாலும் விதி என்றால் விதி.

"கல்லுல ஊத்துறதுக்கெல்லாம் எண்ணெய் கெடையாது" என்றாள். "கார்டுல உள்ளவங்க சாப்பிடத்தான்."

"கார்டுல மொதப் பேரு யாரு அக்கா?"

அவள் கார்டைப் புரட்டிப் பார்த்தாள். "அவுங்கதான். ஆனா ஒரு நாளும் வந்து வாங்குனதில்லையே. தலைவர் வந்து ரேகை வச்சா குடுக்கேன். நாப்பத்து மூணு கார்டுக்கும் குடுக்கேன்."

புதன்கிழமை காலையிலும் கற்கள் வழுக்கவில்லை. அது இரண்டாவது காலை. சொக்கநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஏழாவது பொந்துக் கல்லை ஈரத் துணியில் பொதிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. கல்லைக் கைரேகை மெஷின்மேல் வைத்தேன். முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்தது.

"தொடச்சிட்டு வையி" என்றாள் சலேத்து அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாள்.

"தொடச்சா போயிருவாங்க அக்கா."

"அப்ப திருப்பி வையி."

திருப்பி வைத்தேன். பச்சை எரிந்தது. நாற்பத்து மூன்று தடவை பச்சை எரிந்தது. தலைவர்கள் வாங்கிவிட்டதால் சார்ந்தோருக்கு அந்த மாதம் எண்ணெய் இல்லை. பொரித்த மீன் இல்லாமல் ஒரு மாதமா என்று யாராவது முனகுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் முனகவில்லை. மிக்கேல் அண்ணன் மட்டும் குழம்பில் கிடக்கிற மீனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், சொல்லிக்கொண்டே இரண்டு கையிலும் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டார்.

பட்டப்பகலில்தான் ஊற்றினோம். யாருக்கும் ஒளிக்கவில்லை. முதலில் கல்லை அதன் பொந்திலேயே வைத்தோம், பிறகு அதைச் சுற்றி ஊற்றினோம், பிறகு எல்லாக் கற்களிலும். அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்து இது சட்டவிரோதம் என்றார்.

"வீட்டுத் தலைவருக்கு வீட்டு ஆளுங்க சோறு போடுதோம்" என்றேன். "நீங்க போட்டீங்களே, நாங்க போடக் கூடாதா?"

அவர் யோசித்துப் பார்த்தார். விதியில் அதற்குத் தடை இல்லை என்பதால் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை மூன்றாவது காலை. அலுவலகமே பூட்டாமல் கிளம்பிக் கரைக்கு வந்துவிட்டது. எழுத்தர்கள், டிரைவர், வாட்ச்மேன், தண்ணீர் பிடித்து வைக்கிற அம்மா வரைக்கும். காலியிடம் என்று எழுதிய பலகையை இரண்டு பேர் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே எங்கள் ஊர்.

முதல் கல். வழுக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. பலகைக்காரர்கள் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். இந்தப் பதினொரு வருஷத்தில் விழுவதற்கு அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஏழாவது கல்லில் வலது காலை வைத்தேன்.

கால் எங்கே போனது என்று தெரியவில்லை. வானம் தெரிந்தது. இடது முழங்கை முறிகிற சத்தம் கேட்டது. ஊர் கை தட்டியது. நான் விழுந்து கிடந்தபடியே கத்தினேன்:

"வீட்டுல ஆளு இருக்கு!"

சொக்கநாதன் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். என் பக்கத்திலேயே விழுந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பிறகு அவர், படுத்தபடியே, "குடியிருப்பு உறுதி" என்று எழுத்தரிடம் சொன்னார்.

அன்று காலையிலேயே நில அளவைக்காரர் ஒருவர் மறு அளவைக்காகச் சொக்கநாதனுடைய அலுவலகத்துக்குப் போயிருந்தார். கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. சாளை எண்ணெயைத் தின்று கிளம்பிய எங்கள் கல்லுக்காரர்கள் கழிமுகம் வழியாக நீந்தி, அலுவலகச் சாக்கடையில் ஏறி, வாசல் வடைக்கடையின் பழைய எண்ணெயைத் தின்று, சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். அளவைக்காரர் சுவரைத் தொட்டார். இருந்தவர்களை எழுதிக்கொண்டு போனார்.

இப்போது அலுவலகம் அவர்களுடையது. சொக்கநாதன் சார்ந்தோர் பட்டியலில் முதலில் இருக்கிறார். எங்கள் ஊரைப் பற்றிய கோப்பு தலைவரின் கையெழுத்துக்காக மேஜைமேல் இருக்கிறது.

போன வாரம் சொக்கநாதன் ரேஷன் கடையில் என் பின்னால் வரிசையில் நின்றார். கையில் காரை பெயர்ந்த ஒரு சுவர்த் துண்டை ஈரக் கைக்குட்டையில் வைத்திருந்தார். நான் கையில் கட்டும் இடுப்பில் கல்லுமாக நின்றேன். வடைக்கடையை ஆக்கிரமிப்பு என்று அவரே எடுத்துவிட்டார். இரண்டு நாளாகச் சுவர் வழுக்கவில்லை.

"பாமாயில் தீந்துட்டு" என்றாள் சலேத்து அக்கா, கடைசிப் பாக்கெட்டை என் பையில் போட்டபடி.

அவர் என் பையைப் பார்த்தார். "நாளைக்கு மூணாவது காலைம்மா."

"தெரியும் சார்."

"ஒரு பாக்கெட் மட்டும்."

"இது எங்க தலைவருக்கு. வேணும்னா உங்க பீப்பாயில சாளை எண்ணெய் பாதி கெடக்கு. லாரி அனுப்புங்க, ஏத்தி விடுதோம்."

அவர் வரிசையிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் தபால் நிலையத்துக்காரர் ஒரு கூரை ஓட்டுத் துண்டோடும், அவருக்கும் பின்னால் காவல் நிலையத்து ஏட்டு லாக்கப் கதவின் ஒரு கம்பியோடும் நின்றார்கள். அங்கேயும் அளவைக்காரர் தொட்டுப் பார்த்திருக்கிறார். கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு, நான் கல்லுக்குப் போனேன்.