ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கையெழுத்து

மணி ஒன்று பத்து. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மச்சான் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். கையில் நீளக் கவர்.

"சம்மேளனத்துலேருந்து வந்திருக்கு மாப்ளே. பிரிக்கல. பிரிச்சாலும் அந்த பாஷை எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான்."

மச்சான், கடைக்காரரின் மனைவிக்கு அண்ணன். வெல்டர். போன வருடம் இருவரும் கடல் தாண்டிப் போய், மூத்தோர் மேசைப்பந்துப் போட்டியில் இரட்டையர் ஆட்டம் ஜெயித்தார்கள். கடைசிப் பந்தை விழுந்து எடுத்ததில் மச்சானின் முழங்கால் போயிற்று. கோப்பை கிடைத்தது. பரிசுப் பணம் பின்னால் வரும் என்றார்கள். வரவில்லை. போட்டியை நடத்தியவன் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். பதினொரு மாதமாகக் கடைக்காரர் மேசைப்பந்துச் சம்மேளனத்துக்குப் புகார் எழுதுகிறார், மச்சான் கொண்டுபோய்த் தபாலில் போடுகிறார். பணம் வந்தால்தான் முழங்காலுக்கு ஆபரேஷன்.

நான்காவது மாதம் நடத்தியவன் கடைக்காரருக்கு மட்டும் எழுதியிருந்தான். பாதியை உடனே அனுப்புகிறேன், முழுப் பணமும் இருவருக்கும் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் படுத்துவிட்ட வாரம் அது. கடைக்காரர் போட்டார். பணம் வந்ததும் மச்சானிடம் சொல்லி, பங்கைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். வந்தது. புது இயந்திரம் வாங்கினார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். கடனுக்கு வாங்கியது என்று நம்பி, அந்த இயந்திரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தவர் மச்சான். கூலி வாங்கவில்லை.

இப்போது அந்த ஸ்டாண்டில்தான் சாய்ந்து நின்றார். அடிபட்ட காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை.

கவரில் இரண்டு தாள்கள். கடைக்காரர் முதல் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். இன்னும் விசாரிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மச்சான் அதையும் நம்புவார்.

"என்னய்யா, மனசுக்குள்ளயே படிச்சா எனக்குக் கேக்குமா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர், முழுப் பணமும் வந்துடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காராம். நகல் வச்சிருக்காங்க."

இரண்டாவது தாளை நீட்டினார். மச்சான் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது உன் கையெழுத்து மாதிரியே இருக்கே."

"ஆமா மச்சான்."

மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி! கோழி கிண்டுன மாதிரி இருக்கற உன் கையெழுத்தைக்கூட ஒருத்தன் உக்காந்து பழகியிருக்கான் பாரு!"

"மச்சான், அது வந்து..."

"நீ பேசாத. அவனுக்கும் பாவம் பாக்கற ஆளு நீ. வசமா மாட்டிக்கிட்டான்."

மேசையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். ஒரு தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி புது இயந்திரத்தின் மூடியில் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"இதுல உன் நெஜக் கையெழுத்தைப் போடு. ரெண்டையும் ஒண்ணா வச்சு அனுப்புவோம். கண்ணு இருக்கறவன் பாத்துக்கட்டும்."

கடைக்காரர் பேனாவை வாங்கினார். மூடி வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இன்னும் விழவில்லை.

"போடு மாப்ளே. உன் கையெழுத்தைப் போட உனக்கு என்ன யோசனை?"