மூக்கம்மாள் கடைக் கற்பூரம்

1974ஆம் ஆண்டு உடும்பஞ்சோலைப் பள்ளியில், கேள்வி கேட்டே ஆசிரியர்களைக் களைப்படையச் செய்யும் மாணவர் சிலரைத் தேர்ந்து, சனிக்கிழமைதோறும் பருப்பொருள் பற்றிய சோதனை வகுப்பொன்று நடத்திவந்தேன். அவர்களுள் முதன்மையானவள் வேலுத்தாய். ஏலத்தோட்ட முக்கில் பெட்டிக்கடை வைத்திருந்த மூக்கம்மாளின் மகள்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. கடைக்குச் சென்று வினவினேன். டப்பாவிலுள்ள கற்பூரம் குறைந்துகொண்டே வருகிறதாம். சோதனைக்கென்று மகள்தான் எடுத்துப் போகிறாளாம். ஆகவே இனி வகுப்புக்கு அனுப்புவதில்லையாம். கற்பூரம் தானாகவே ஆவியாகும் என்றேன். மூக்கம்மாள் ஒப்பவில்லை.

“மிளகு போட்டுல்லா வச்சிருக்கேன் சார். மிளகு கெடந்தா எப்பிடிப் பறக்கும்?”

எல்லார் வீட்டிலும் உள்ள நம்பிக்கைதான். ஆயினும் நான் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

வழி கண்டவள் வேலுத்தாயே. மூன்று கண்ணாடிப் புட்டிகளில் ஒரே எடையுள்ள கற்பூரத்தை இட்டாள். ஒன்றின் வாயைத் துணியால் மூடினாள். அடுத்ததில் மிளகும் சேர்த்துத் துணியால் மூடினாள். மூன்றாவதை மிளகின்றித் தக்கையாலும் மெழுகாலும் இறுக அடைத்தாள். துணி முடிச்சுகளைத் தாயே போடவேண்டும், புட்டிகளை வைத்துப் பூட்டும் அலமாரியின் சாவியும் தாயிடமே இருக்கவேண்டும் என்றாள். உடன்பயிலும் பெரியமுத்து, மிளகே வெல்லும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒரு மாதம் கழிந்த சனிக்கிழமையன்று வகுப்பு முழுவதும் கடைமுன் திரண்டது. மூக்கம்மாள் தானே முடிச்சவிழ்த்து, தன் தராசிலேயே நிறுத்தாள். முதற்புட்டிக் கற்பூரம் இளைத்திருந்தது. மிளகோடு இருந்ததும் அவ்வாறே. அடைத்த புட்டியில் மட்டும், கட்டியிலிருந்து கிளம்பிய சிறிதளவும் வெளியேற இயலாமல், உட்சுவரில் வெண்துகளாய்ப் படிந்து மின்னிற்று. அவள் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“போக வழியில்லாம செவுத்துல ஏறில்லா நிக்கி.”

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப கருப்பட்டி கொறையுததும் இப்பிடித்தானாட்டி?”

ஆம் என்று சொல்லியிருந்தால், அந்நேரத்தில் அவள் நம்பியிருப்பாள். வகுப்புக்குப் போகும் வழியும் உடனே திறந்திருக்கும். வேலுத்தாய் என்னைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்.

“கருப்பட்டி பறக்காதும்மா. அத நாந்தான் தின்னேன்.”

பெரியமுத்து வாய்விட்டுச் சிரித்தான். மூக்கம்மாள் முறைக்க முயன்றாள். முடியாமல் தானும் சிரித்து, மகளின் உச்சியில் ஒரு குட்டு வைத்தாள். பின்பு உள்ளே சென்று, ஒரு மாதமாக ஆணியில் தொங்கிய சனிக்கிழமை வகுப்புப் பையை எடுத்துவந்து அவள் தோளில் மாட்டினாள்.

“போ. சார் காத்துக் கெடக்காருல்லா.”