இடது கையால் எழுதியது

டைரக்டர் கூப்பிடுகிறார் என்று பியூன் அப்பாதுரை வந்து சொன்னபோது அசரியாவின் கையில் ஒரு கட்டுப் புல் இருந்தது. மேடவாக்கத்திலிருந்து காலையில் வந்த புல், ஈரம்கூடக் காயவில்லை. அதை எந்தக் கூண்டில் போட்டார், போட்டாரா இல்லையா என்பதெல்லாம் பிறகு அவருக்கு நினைவில்லை. "எதுக்காம்?" என்று கேட்டார். "எனக்கின்னா தெரியும்? மேசை மேல ஒரு கடுதாசி கீது. அதையே பாத்துகினு குந்திகினு கீறாரு," என்றான் அப்பாதுரை. கடுதாசி என்ற சொல் காதில் விழுந்ததும் அசரியா கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்பாதுரைக்குப் பின்னால் மெதுவாக நடந்தார். வாசலில் ஒருவன் ஏணி மேல் ஏறி நின்று, நிலையத்தின் பெயர்ப்பலகையில் மதராஸ் என்று இருந்ததை அழித்துத் தமிழ்நாடு என்று எழுதிக்கொண்டிருந்தான். அவன் பாடு நிம்மதி என்று அசரியா நினைத்துக்கொண்டார்.

அசரியா பயந்தவர். இதில் மறைக்க ஒன்றுமில்லை, அவரைக் கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார். சட்டைப் பையில் டிக்கெட் இருக்கும்போதே ரயிலில் பரிசோதகரைக் கண்டால் அவருக்கு வியர்க்கும். கோயிலில் போதகர் பிரசங்கத்தின் நடுவே பாவி என்று சொன்னால், தன்னைத்தான் சொல்கிறார் என்று தலையைக் குனிந்துகொள்வார். வயது நாற்பத்தாறு. தாம்பரத்தில் சேலையூர் ரோட்டில் இருந்த அந்த மருந்து ஆராய்ச்சி நிலையத்தில், சோதனைக்கான பிராணிகளை வைத்திருக்கும் கட்டடத்தைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் மேலே இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூட 'இல்லை' என்று சொன்னது கிடையாது. காம்பவுண்டுக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் மனைவி ஞானசௌந்தரியையும் கல்யாணத்துக்கு நிற்கும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்பது, ஒன்றும் நடக்காத நாட்களிலேயே அவர் யோசித்துப் பயப்படும் விஷயம்.

அப்படிப்பட்ட மனிதர்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தை எழுதினார்.

ஆஸ்பத்திரிகளில் ஏற்றுகிற சலைன் பாட்டில்கள் அங்கே சோதனைக்கு வரும். கொஞ்சம் எடுத்து முயலுக்கு ஊசி போட்டு, மணிக்கொரு தரம் ஜுரம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். முயல் துள்ளாமல் இருக்க மரப்பெட்டி உண்டு. உடம்பு உள்ளே, தலை வெளியே, கழுத்தின் மேல் ஒரு பலகையை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம் அவிழ்த்துக் கூண்டில் விட வேண்டும். அந்தச் சனிக்கிழமை டைரக்டர், "திங்கட்கிழமை மறுபடியும் டெஸ்ட் இருக்கு. எடுக்க வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும். பழகினா டெம்பரேச்சர் ஸ்டெடியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அசரியா சரி என்றார். அவருடன் கூண்டு கழுவும் சவுரிமுத்துதான், "இன்னா சார், ரெண்டு நாளு தண்ணி இல்லாம எப்டி கெடக்கும்?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, வெள்ளை வேட்டியோடு அசரியா அங்கே போய்ப் பார்த்தார். ஆறு பெட்டி. ஒன்றில் முயல் செத்துத் தலை தொங்கிப் போயிருந்தது. அடுத்த பெட்டியிலிருந்த முயல் எட்டிய வரைக்கும் பலகையைக் கொறித்து வைத்திருந்தது, அதன் வாயெல்லாம் ரத்தம். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி மற்ற ஒவ்வொன்றுக்கும் காட்டினார். குடித்தன. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டிருக்கலாம். டைரக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார், அதனால் அவிழ்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். திங்கட்கிழமை காலையில் இரண்டாவதும் செத்திருந்தது. தான் சாப்பிட்டதைத்தான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

சலூனில் கிடந்த பேப்பரில் ஒரு செய்தி படித்திருந்தார். சோதனைக்கு வைத்திருக்கும் பிராணிகளை இம்சிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், மெட்ராஸில் ஒரு ஜீவரட்சக சங்கம் இருக்கிறதாம், பெயர் போடாமலும் அவர்களுக்கு எழுதலாமாம். ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கினார். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினார். அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. தாம்பரத்துப் பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று ரயிலேறிப் பல்லாவரம் போய், முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் போட்டார். கொலை செய்தவன்கூட இத்தனை ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டான். வீட்டுக்கு வந்து ஞானசௌந்தரியிடம்கூட மூச்சு விடவில்லை.

"உட்காருங்க அசரியா," என்றார் டைரக்டர். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மெட்ராஸ்ல இருந்து ஒரு சங்கத்துக்காரங்க எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராங்களாம். எங்களுக்கு வந்த புகார் இதுதான், விளக்கம் சொல்லுங்கன்னு அசல் லெட்டரையே சேர்த்து அனுப்பிட்டாங்க. வெகுளி ஜனங்க." டைரக்டர் சிரித்தார். கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "மொதல் வரியைப் படிங்க."

அசரியா பார்த்தார். கோணல்மாணலாக, குழந்தை எழுதியது போல இருந்தது. தன் கையெழுத்து இல்லை என்று ஒரு விநாடி நிம்மதி வந்தது. பிறகுதான் மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. 'கிறிஸ்துவுக்குள் பிரியமான ஐயா அவர்களுக்கு.'

எப்போது எழுதினார் என்றே தெரியவில்லை. எட்டு வயதில் போர்டிங்கிலிருந்து அப்பாவுக்கு எழுதிய முதல் கடிதத்திலிருந்து இன்றுவரை வேறு மாதிரி ஒரு கடிதத்தை அவர் தொடங்கியதில்லை. கையை மாற்றினார், ஊரை மாற்றினார், பெயரை விட்டார். இது மட்டும் தானாக வந்து மேலே உட்கார்ந்துகொண்டது. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கிறிஸ்டியன் எழுதினது. உங்க செக்‌ஷன்ல நீங்க ரெண்டு பேர்தான் கிறிஸ்டியன்ஸ்," என்றார் டைரக்டர். "நீங்க எழுதியிருக்க மாட்டீங்க. தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. சவுரிமுத்துதானே?"

"தெரியாது சார்," என்றார் அசரியா. சத்தம் வந்ததா என்றே சந்தேகம். அப்போது தன் தலை அசைந்ததாக அவருக்குத் தோன்றியது. பயத்தில் நடுங்கியதா, ஆமாம் என்று ஆடியதா என்று அவருக்கே தெரியாது. டைரக்டர் கடிதத்தை மடித்தார். "புரியுது. உங்க வாயால சொல்ல வேண்டாம். போங்க."

வெளியே வந்ததும் உயிர் பிழைத்துவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருக்கும், ஆனால் இருந்தது என்னவோ நிஜம். புல் அறைக்குள் போய் நின்றுகொண்டார். சவுரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அரை மணி கழித்து அவன் திரும்பி வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினான். டிபன் பாக்ஸை எடுத்துத் துண்டில் சுற்றினான்.

"என்னடா ஆச்சு?"

"சஸ்பெண்டு. என்கொயரி வெக்கிறாங்களாம்." அவன் அசரியாவை நிமிர்ந்து பார்த்தான். "அந்தக் கடுதாசிய காட்னாருண்ணா. மொத வரியப் பாத்தேன்."

சவுரிமுத்து ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கன். அவர்கள் வீட்டில் கடிதம் எழுதினால் தலைப்பில் ஒரு சிலுவை போட்டு 'சேசு மரி சூசை துணை' என்றுதான் எழுதுவார்கள். கிறிஸ்துவுக்குள் பிரியமான என்று எழுதுவது அசரியாவின் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். டைரக்டருக்குக் கிறிஸ்தவர் என்றால் எல்லோரும் ஒன்று, இந்த வித்தியாசம் நூறு வருஷம் ஆனாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அந்தக் காம்பவுண்டில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் இப்போது புல் அறையில் நின்றார்கள்.

"நீ... சொன்னியா?"

"நான் எழுதலன்னேன். அப்ப யாருன்னாரு. தெரியாதுன்னு சொல்ட்டேன்." துண்டின் முடிச்சை இறுக்கினான். "உனுக்கு தெரியுமாண்ணா?"

அசரியா கீழே கிடந்த புல்லைப் பார்த்தார். சவுரிமுத்து டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வூட்ல அமலராணிகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் ஒரே பேஜாரா கீது," என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஞானசௌந்தரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். "நீங்களா? நீங்களா எழுதினீங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாயத் திறக்காதீங்க. அவங்க ஆர்.சி. அவங்க ஃபாதரே எங்கயாவது ஸ்கூல்ல வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுத்துருவாரு. நமக்கு யாரு இருக்கா?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டினார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் சவுரிமுத்து வீடு, அதனால் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பிராணிக் கட்டடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு ஃபினாயில். மரப்பெட்டிகள் எல்லாம் ஸ்டோர் ரூமில் சாக்கு மூடிக் கிடந்தன. சங்கத்தின் காரியதரிசி ஒரு வயதான அம்மாள், கதர்ச் சேலை, தடித்த கண்ணாடி. கூண்டு கூண்டாக நின்று பார்த்தாள், பொறுமையாக நோட்டில் எழுதினாள். டைரக்டர் கூடவே வந்தார். அசரியா மூன்றடி பின்னால் வந்தார்.

"ஒண்ணை வெளியே எடுங்க, பார்க்கலாம்," என்றாள்.

அசரியா ஒரு பெண் முயலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அம்மாள் குனிந்து பார்த்தாள். "கழுத்தைச் சுத்தி ரோமமே இல்லையே?"

"வயசாயிடுச்சு. உதிருது," என்றார் டைரக்டர்.

அந்த முயலுக்கு ஒன்றரை வயது. அது பிறந்தபோது கூண்டில் வைக்கோல் போட்டவர் அசரியா. அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எழுதினவரைப் பார்க்க முடியுமா?"

"சஸ்பெண்ட் பண்ணியிருக்கோம். சவுரிமுத்துன்னு ஒரு ஆள். குடிச்சிட்டு வருவான், கேட்டதுக்கு இப்படி எழுதிப்போட்டுட்டான். இவரைக் கேளுங்க, சீனியர் ஆள்."

அம்மாள் கண்ணாடிக்குள்ளிருந்து அசரியாவைப் பார்த்தாள். சவுரிமுத்து குடித்து யாரும் பார்த்ததில்லை. அவன் கல்யாணத்தன்றுகூட அவன் மாமன்மார் குடித்தார்கள், அவன் சோடா குடித்தான். "அப்படியா?" என்றாள் அம்மாள். ஆமாம் என்றால் முடிந்தது, அவள் பஸ் பிடிக்கப் போய்விடுவாள். சும்மா இருந்தாலும் முடிந்தது. டைரக்டர் புன்சிரிப்போடு காத்திருந்தார். அசரியாவின் காதுக்குள் ஏதோ இரைந்தது. வீடு, மகள், சாமான்கள் ஏற்றிய மாட்டு வண்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பேனாவின் மூடியை அம்மாள் திருகத் தொடங்கினாள்.

"சவுரிமுத்து எழுதல," என்றது ஒரு குரல். அது தன்னுடையது என்று அவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றார் டைரக்டர்.

"அவனுக்கு... அவங்க ஆளுங்க அப்படி எழுத மாட்டாங்க சார்."

"அப்ப யார் எழுதினது?"

திருகிய மூடியோடு அம்மாளின் கை அப்படியே நின்றது. அசரியா வாயைத் திறந்தார். அவருடைய நடுக்கம் முயலுக்கும் தொற்றியிருக்க வேண்டும். அது உடம்பை ஒடுக்கிக்கொண்டு அவர் மார்பிலேயே பெய்துவிட்டது. காக்கிச் சட்டை சூடாக நனைந்து, வயிறு வழியாக இறங்கி, கழுவிவிட்ட தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. டைரக்டர் ஓரடி பின்வாங்கினார். அசரியா முயலைக் கீழே விடவில்லை.