தாஹிரா வீட்டு மாடித் தட்டி

கமான் தெருவில் தன் வீட்டு முகப்பில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் மூன்று பேரைக் கேட்டாக வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவர் அம்புரோஸ்.

ராயபுரத்தில் கடலுக்குப் பக்கமாக இருந்த அந்தத் தெருவை, உப்பு வியாபாரத்தில் பொருள் சேர்த்த ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டினார். இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். கீழே சுண்ணாம்பால் எழுப்பிய வளைவுகளான கமான்கள். மேலே தெருவைப் பார்த்த தாழ்வாரம், அதற்கு மறைப்பாகத் தேக்குச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய தட்டி. குடியிருந்தவர்களுக்கே வீடுகளைச் சல்லிசாக எழுதிக் கொடுத்த அந்த மனிதர், தெருப்பக்கத்தை மட்டும் யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்துவிட்டுப் போனார். மாற்ற வேண்டுமென்றால் தெருக்காரர்கள் மூவர் அடங்கிய கமிட்டி பார்க்க வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது.

அம்புரோஸுக்கு ரயில்வேயில் படம் வரைகிற வேலை. பகல் முழுக்கப் பாலத்துக்கும் பிளாட்பாரக் கூரைக்கும் கோடு இழுத்துவிட்டு வருகிறவருக்கு, அந்தக் கமான்களின் வரிசையைப் பார்த்தால் கண் குளிர்ந்துவிடும். யுத்தம் முடிந்தபின் தெருவில் ஆளுக்கொரு தகரம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கமானைச் செங்கல் வைத்து அடைத்தே விட்டார். அதைப் பொறுக்காமல்தான் அம்புரோஸ் தானாகவே போய்க் கமிட்டியில் சேர்ந்தார்.

"தெருவைக் காப்பாத்தப் போறாராம்" என்றாள் அவர் மனைவி சிலுவையம்மாள். "மாசத்துக்கு ஒருவாட்டி நாலு பேரோட விரோதம் வாங்கிக்கினு வரப் போற. பார்த்துக்கினே இரு."

கமிட்டியின் தலைவர் கிருஷ்ணப்பன், ரிஜிஸ்திரார் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மனு வந்தாலும் "ஆதியில் எப்படி இருந்தது?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. மூன்றாவது ஆள் ராமசுப்பு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்பவர். தலைவர் வீட்டில் நடக்கும் கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். காப்பி வந்தால் குடிப்பார்.

தாஹிராவின் மனு வெயில் ஏறத் தொடங்கிய நாளில் வந்தது. அவள் புருஷன் ரஷீது கப்பலில் மாலுமிகளை மேய்க்கும் செராங்கு. போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். வீட்டில் அவளும் கல்யாண வயதில் மலிகா, ஜீனத் என்று இரண்டு பெண்களும்தான். உப்புக் காற்றில் இற்றுப்போயிருந்த அவர்கள் வீட்டு மாடித் தட்டி ஒரு நாள் காலையில் பெயர்ந்து தெருவில் விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. எதிரில் சைக்கிள் கடை; அங்கே துறைமுகத்துக் கூலியாட்கள் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். மறைப்பு இல்லாத தாழ்வாரத்துக்குப் பெண்கள் எப்படி வருவார்கள்? தேக்குப் போடக் கையில் வசதி இல்லை, அதனால் இடைவெளி விட்டு வார்த்த சிமெண்டு ஜாலி வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"ஆதியில் தேக்கு" என்றார் கிருஷ்ணப்பன்.

"பர்மாத் தேக்கு சார் அது. யுத்தத்துக்கு அப்புறம் எங்க சார் வருது? வந்தாலும் யாரு வாங்க முடியும்?" என்றார் அம்புரோஸ்.

"அது மனுதாரருடைய சிரமம், மிஸ்டர் அம்புரோஸ். கமிட்டியின் சிரமம் அல்ல. அண்ணாச்சி என்ன சொல்றீங்க?"

ராமசுப்பு காப்பியை ஆற்றிக்கொண்டே, "தலைவர் சொல்லுததுதான் சரி" என்றார்.

மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதற்குள் தாஹிரா பொறுக்க மாட்டாமல் நாலு கோணிகளைப் பிரித்துத் தைத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டாள். மறுநாளே கிருஷ்ணப்பன் ஒரு நோட்டீசு எழுதினார்: கோணி தெருவின் அழகைக் கெடுக்கிறது, உடனே அகற்ற வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அம்புரோஸ் தலையில் விழுந்தது.

தாஹிரா கதவுக்குப் பின்னால் நின்று நோட்டீசைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் பிறகு. "மரம் போட எனக்கு வக்கு இல்ல. சிமெண்டு போட நீங்க வுட மாட்டீங்க. கோணி கட்டினா அசிங்கமா கீதுன்றீங்க. நாங்க இன்னாதான் பண்றது? கடல்ல போய்க் குந்திக்கினு இருக்கவா?"

"நான் வேணான்னு சொல்லலம்மா. மத்தவங்க..."

"மத்தவங்க வரல, நீங்கதானே வந்துகீறீங்க. மேல வந்து ஒருவாட்டி பார்த்துட்டுப் போங்க."

பெண்கள் இருவரையும் சமையலறைக்குப் போகச் சொல்லிவிட்டு அவரை மாடிக்கு அழைத்துப் போனாள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது. வெளிச்சமும் காற்றும் தாழ்வாரத்தின் வழியாக வந்தால்தான் உண்டு. கோணி அதையும் அடைத்திருந்தது. பகலிலேயே விளக்கு எரிந்தது. நின்ற இடத்தில் அம்புரோஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோணியில் இருந்த கிழிசல் வழியாகப் பார்த்தார். தூரத்தில் கப்பல்களும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. இந்தக் காற்றுக்காகத்தானே இந்த வீடுகளையே இப்படிக் கட்டினார்கள் என்று நினைத்தபோது அவருக்குக் கிருஷ்ணப்பன் மேல் வந்த கோபத்தில் நோட்டீசை நாலாக மடித்துத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் படம் விரித்தபடியே இருந்தது. சிமெண்டு ஜாலிதான், ஆனால் பழைய தேக்குச் சட்டங்களைப் போலவே சாய்வு, அதே பருமன், அதே இடைவெளி. பச்சை வர்ணம் அடித்துவிட்டால் தெருவில் நிற்கிறவன் மரமா சிமெண்டா என்று சொல்ல முடியாது. கிருஷ்ணப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் ரசித்தார்.

"பிரமாதம். உங்க கைக்கு மோதிரம் போடணும்."

"அப்போ கையெழுத்துப் போட்டுடலாமா சார்?"

"படம் பிரமாதம்னுதானே சொன்னேன்? மாதிரிக்கு ஒரு துண்டு செய்து காட்டட்டும். பார்க்கலாம்."

மாதிரி செய்வதற்கு ஒரு மாதம் ஆயிற்று. சிமெண்டுக்குச் சர்க்கார் கண்ட்ரோல் இருந்த காலம். ரஷீதுக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் எங்கோ மிச்சப்பட்டதைக் கொண்டுவந்து அச்சு வார்த்துக் கொடுத்தான். அடுத்த கூட்டத்தில் கிருஷ்ணப்பன் அதை வாசலுக்குக் கொண்டு போகச் சொல்லி, வெயிலில் நிறுத்தி, நிழல் சரியாக விழவில்லை என்றார். மரத்தின் நிழலுக்கு ஓரம் மெலிவாக இருக்குமாம்.

"நிழலை யாரு சார் பார்க்கப் போறாங்க? மூணு பொம்பளைங்க வேகிற சட்டியில உக்காந்துகினு கீறாங்க!" அம்புரோஸின் குரல் உயர்ந்துவிட்டது.

கிருஷ்ணப்பனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவர் கெட்ட மனிதர் அல்ல. வீட்டுக்குள்ளிருந்து தன் மனைவி எட்டிப் பார்ப்பதையும் கவனித்தார். "சரி. அண்ணாச்சி போட்டால் நானும் போடறேன்" என்று பேனாவை மேசைமேல் வைத்தார்.

ராமசுப்பு அந்தப் பேனாவைத் தொடவில்லை. கூட்டம் கலைந்தபின் தெருவில் அம்புரோஸோடு சேர்ந்து நடந்தார்.

"நான் என்னத்துக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன்? பொம்பளப் பிள்ளைக இருக்கிற வீடு, பாவம். ஆனா அம்புரோஸ் சார், நம்ம மனு ஒண்ணும் கிடக்குல்லா?"

கிடந்தது. ராமசுப்புவின் வீடு தாஹிராவின் வீட்டுக்கு அடுத்தது. அதன் கீழ்த்தளத்தைக் கிடங்காக்கி, லாரி உள்ளே வந்து மூட்டை இறக்குவதற்கு வசதியாக இரண்டு கமான்களை இடித்து ஒரே வாசலாக்க வேண்டும் என்பது அவர் மனு. கிருஷ்ணப்பன் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் ஆதியைப் பார்க்க மாட்டார். ராமசுப்பு அவர் பேத்தியின் கல்யாணத்துக்கு மண்டபச் செலவையே ஏற்றவர். தடுத்துக்கொண்டிருந்தது அம்புரோஸ் ஒருவர்தான்.

"அண்ணாச்சி, அது வேற, இது வேற. ஒரு கமானை எடுத்தா தெருவே பல்லு போன வாய் மாதிரி ஆயிடும்."

"வேறன்னா வேறதான். நான் வற்புறுத்தல. நீங்க உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க, நான் என் மனசுக்குப் பட்டதைச் செய்யுதேன்." சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகவே தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அம்புரோஸ் சாப்பிட உட்கார்ந்ததும் சிலுவையம்மாளிடம் சொன்னார்.

"இது அநியாயம்ல? தெருவைக் காப்பாத்தறதுக்குன்னு போயிட்டு நானே கமானை இடிக்கக் கையெழுத்துப் போடறதா?"

"கமானு சோறு கேக்குமா, காத்து கேக்குமா?" என்றாள் சிலுவையம்மாள். "அந்தப் பொண்ணுங்க ரெண்டும் வேர்க்குரு வந்து உடம்பெல்லாம் சொறிஞ்சிகினு கீதுங்க. போட்டுத் தொலைச்சிட்டு வா."

போட்டுத் தொலைத்தார். ஒரே கூட்டத்தில் இரண்டு மனுவும் நிறைவேறின. கமானை இடிப்பதைக் கிருஷ்ணப்பன் "வாசல் பழுது பார்த்தல்" என்று எழுதினார். அம்புரோஸ் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினார்.

கமான் இலேசில் விழவில்லை. பழைய சுண்ணாம்பு கருங்கல்லாக இறுகியிருந்தது. கடப்பாறை பட்டதும் ணங்கென்று திருப்பி அடித்தது. வேலை விட்டு வந்த அம்புரோஸ் நின்று பார்க்க மனமில்லாமல், போகவும் மனமில்லாமல், சைக்கிள் கடை ஓரமாகத் தயங்கினார். "இன்னா சார், கமிட்டிலியே வுட்டுட்டாங்களா?" என்று கடைக்காரன் கேட்டான். அம்புரோஸ் வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஒரே ஆறுதல் மேலே இருந்தது. ஜாலி ஏறிவிட்டது. பச்சையும் அடித்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் பழைய தட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாயங்காலம் உள்ளிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. போகட்டும், ஒன்று போனாலும் ஒன்று நின்றதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மழைக்காலம் கழிந்து புது வத்தல் வரத்துத் தொடங்கியதும் தாஹிரா ஆள் அனுப்பினாள்.

அம்புரோஸ் வாசல் ஏறும்போதே தும்மினார். பக்கத்து வீட்டின் அகன்ற வாசலுக்குள் லாரி நின்றது. மூட்டை விழுகிற ஒவ்வொரு முறையும் சிவப்பாகப் புழுதி கிளம்பிக் காற்றோடு மேலே ஏறியது. மாடிக்குப் போவதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. தாழ்வாரத்தில் யாரும் இல்லை. ஜாலியின் ஒவ்வொரு சட்டத்திலும் மிளகாய்த் தூள் படிந்திருந்தது.

தாஹிரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "பார்த்தீங்களா அண்ணே? காலைல தொட்டு சாயங்காலம் வரைக்கும் இதே பேஜாரு. மலிகாவுக்குக் கண்ணு வீங்கிப் போச்சு. சுவரு வெச்சு அடைச்சிடலாம்னு கீறேன். அதுக்கும் உங்க கமிட்டியைக் கேக்கணுமாமே?"

"சுவரா!" அம்புரோஸுக்கு ஆற்றாமை பொங்கியது. "இந்த ஜாலிக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? எத்தினி கூட்டம், எத்தினி பேச்சு! இதுக்காகத்தாம்மா நான் அந்தக் கமானையே வுட்டுக் குடுத்தேன்!"

தாஹிரா முந்தானையை எடுத்தாள்.

"நீங்களா வுட்டுக் குடுத்தீங்க?"

அப்போதுதான் அவளுக்கு அது தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

"பக்கத்து வூட்ல கிடங்கு வந்தா யாரு மூக்குல ஏறும்? எங்க மூக்குலதானே? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணே? கேட்டிருந்தா, கோணியே போதும்னு சொல்லியிருப்பேனே."

அம்புரோஸ் அங்கிருந்து நேரே ராமசுப்புவிடம் போனார். மூட்டையைப் பின்பக்கமாக இறக்கக் கூடாதா, வாசலுக்கு ஒரு கதவாவது போடக் கூடாதா என்று கேட்டார், பிறகு கத்தினார். ராமசுப்பு கோபப்படவே இல்லை. "கதவு போட்டா முகப்பு மாறிப் போகுமே, சார்? அதுக்கு மனு குடுக்கணும்லா" என்றார்.

சுவருக்கான மனு கூட்டத்துக்கு வந்தது. கிருஷ்ணப்பன் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்போது அங்கே இருப்பது கமிட்டி ஒப்புக்கொண்ட ஜாலி. அதை எப்படி அடைக்க முடியும்? அதுவும் மிஸ்டர் அம்புரோஸ் அவர்கள் கையால் வரைந்தது! தெருவுக்கே அதுதான் இப்போ அழகு."

அம்புரோஸ் எழுந்து வந்துவிட்டார். வரும் வழியில் தாஹிரா வீட்டு வாசலில் நின்று, ஜாலியைத் தொடாமல் அதற்கு உள்பக்கம் ஒட்டினாற்போலச் செங்கல் வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே நடப்பதைக் கமிட்டி கேட்க முடியாது. இந்த யோசனையையும் தானே சொல்ல வேண்டியிருந்ததே என்ற எரிச்சலில் வீட்டுக்கு வந்து செருப்பை உதறின உதறலில் அது வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது.

அடுத்த வாரம் தாஹிரா சுவர் வைத்துவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தால் பச்சை ஜாலி அப்படியே இருந்தது.

அம்புரோஸின் வீடு தெருக்கோடியில் இருந்ததால் அங்கே வத்தல் நெடி வராது. ஒருநாள் சிலுவையம்மாளே போய்த் தாஹிராவையும் பெண்களையும் தங்கள் மாடித் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்தாள். பிறகு அது தினமும் என்றாகிவிட்டது. சாயங்காலம் அவர்கள் மேலே கடல் காற்றில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் போகும் வரைக்கும் அம்புரோஸ் மாடி ஏறக் கூடாது. கீழறையில் பனியனோடு உட்கார்ந்து, ஒரு கையால் ஓயாமல் விசிறிக்கொண்டே, அடுத்த கூட்டத்துக்கு வந்திருந்த மனுக்களைப் படித்துக்கொண்டிருப்பார்.